சுமைதாங்கிக் கல்லும் மசாஜ் கன்னும்

உடல் குறித்து நம்முடைய சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்ட உடல், தீட்டென்று விலக்கப்பட்ட உடல், பெண்ணுடல், நோயுற்ற உடல், சிறைப்பட்ட உடல் என்று பூக்கோவைத் துணைக்கு வைத்துக்கொண்டும் வைத்துக்கொள்ளாமலும் பேசியாயிற்று. களைத்துப்போன உடலைப் பற்றி மட்டும் அதிகம் பேசவில்லை. களைப்பு என்பது தொழிற்சங்கத் துண்டறிக்கைக்கு உரிய விஷயம், கோட்பாட்டுக் கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்துவிட்டோம் போல. நாம் கைவிட்ட அந்த இடத்தில் இப்போது வேறொருவர் கடை போட்டிருக்கிறார்: உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கிற வியாபாரி.

பயிற்சிக்கூடங்களுக்குப் போய்வருகிற தோழர்களுக்கு இது தெரிந்திருக்கும். முன்பெல்லாம் ஜிம் என்றால் இரும்பு. ‘எவ்வளவு போடுற?’ என்பதுதான் அங்கே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி. நான் போகிற இடத்தில் இப்போது அதற்குச் சமமாகக் காதில் விழுகிற வார்த்தை ‘ரெகவரி’. பையன்கள் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு தொடையில் தட்டிக்கொள்கிறார்கள். ரப்பர் உருளையைத் தரையில் போட்டு அதன்மேல் முதுகை உருட்டுகிறார்கள். மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் முந்தின இரவு எத்தனை மணி நேரம் ஆழ்ந்து தூங்கினார்கள் என்று மதிப்பெண் போடுகிறது. பயிற்சி கொடுக்கிற தம்பி என்னிடம் ஒருநாள் சொன்னார்: “தூக்குறப்ப ஒண்ணும் வளராதுண்ணே. வீட்ல போய்ப் படுத்துத் தூங்குறீங்கல்ல, அப்பத்தான் வளருது.”

உடலியல் அளவில் இது சரியான வாக்கியம். பாரம் ஏற்றும்போது தசை நார் களைக்கிறது, தேய்கிறது; இடைவெளியில்தான் புரதம் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாகக் கட்டப்படுகிறது. அடுத்த முறை பாரத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். அப்படியானால் வலு என்பது பாரமும் இடைவெளியும் சேர்ந்து உண்டாக்குகிற பொருள். ஆனால் வலுவைக் கூட்டும் கருவிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தூக்கும் கருவிகளின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். இறக்கி வைக்கும் கருவிகளின் வரலாற்றையும், இறக்கி வைக்க யாருக்கு நேரம் கிடைத்தது என்பதையும் கூடவே வைத்து எழுதினால் கதை வேறாகிறது. இந்தக் கட்டுரை அதற்கான சில குறிப்புகள்தான்.

நம் ஊர்களில் இரண்டு கற்கள் உண்டு. ஒன்று இளவட்டக்கல். உருண்டையாக, வழவழப்பாக, பிடிமானமே இல்லாமல் கொத்தி வைத்திருப்பார்கள். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் பொங்கலையொட்டி இன்றும் தூக்குகிறார்கள். குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். ‘கல்லைத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணு’ என்ற பேச்சைக் கேட்காத ஆள் கிடையாது. அண்மை ஆண்டுகளில் சில ஊர்களில் பெண்களும் தூக்குகிறார்கள், அது பத்திரிகைச் செய்தியாகிறது.

மற்றது சுமைதாங்கிக் கல். நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்துவருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அப்படியே சரித்து வைத்துவிட்டு நிமிரலாம். திரும்பவும் குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். உயரம் அந்தக் கணக்கில்தான் வைக்கப்பட்டிருக்கும். உப்பும் தானியமும் விறகும் தலையில் போன காலத்துப் பாதைகளில் இது எவ்வளவு பெரிய சாதனம் என்பதை, ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைத் தலையிலிருந்து தனியாக இறக்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கும்போதும் மறுபடி ஏற்றும்போதும்தான் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன.

இந்தக் கல்லை யார் நினைவாக நட்டார்கள் என்பது இன்னும் முக்கியம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணுக்காக நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் ஊர் பேர் தெரியாதவர்களின் சுமை இறங்கட்டும் என்பது நம்பிக்கை. சில கற்களில் நட்டவர் பெயரும் பொறித்திருக்கும். சாலைகள் அகலமாக அகலமாக நிறையக் கற்கள் காணாமல் போய்விட்டன. இருப்பவை பஸ் நிறுத்தங்களில் சாய்ந்து நிற்கின்றன.

இளவட்டக்கல் வீரத்தின் கணக்கில் சேர்ந்தது. சுமைதாங்கி தர்மத்தின் கணக்கில் சேர்ந்தது. கல்லைத் தூக்குகிறவனுக்குப் பெயர் உண்டு, ஊர் கூடிக் கைதட்டும். சுமைதாங்கியில் மூட்டையைச் சரிக்கிறவருக்குப் பெயர் இல்லை. தூக்குகிற இரண்டு உடல்களும் ஒரே தசையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றை நாம் ‘பலம்’ என்கிறோம், இன்னொன்றைக் ‘கூலி’ என்கிறோம். இந்தப் பிரிவினை நம்முடைய சாதி அமைப்புக்கு வெளியே உண்டானதல்ல. ஆனால் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. இன்றைய ஜிம்முக்குள் நிற்கிற கருவிகளின் பிறந்த ஊர்களுக்குப் போனால் அது வேறு முகத்தோடு அங்கேயும் நிற்கிறது.

டிரெட்மில்லை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818 வாக்கில் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்தது அது. பெரிய உருளை, சுற்றிலும் படிகள், மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில சிறைகளில் தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில சிறைகளில் எதையுமே செய்யாமல் வெறும் காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. வெறுமனே அரைப்பதும் திட்டத்தின் பகுதிதான். பயனில்லை என்று தெரிந்தே செய்ய வைப்பதில்தான் தண்டனை இருக்கிறது. 1895இல் கடுங்காவல் விதிக்கப்பட்ட ஆஸ்கார் வைல்டும் இந்தப் படிகளில் ஏறியவர்தான். கூடவே இன்னொரு தண்டனை இருந்தது: இரும்புப் பீரங்கிக் குண்டைக் குனிந்து எடுத்து, நெஞ்சளவு தூக்கி, சில அடி நடந்து, கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த குண்டை எடுப்பது. குறிப்பிட்ட எண்ணிக்கை, குறிப்பிட்ட தாளம், மேலாளின் குரல். இன்று காசு கட்டி இதையே செய்கிறோம் என்று கிண்டல் செய்வது சுலபம். கிண்டலில் நிற்காமல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டனையையும் பயிற்சியையும் பிரிப்பது அசைவு அல்ல, பாரமும் அல்ல. நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

இது ஜமைக்காவில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாக அறிவித்துவிட்டு, விடுதலையானவர்களை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் பழைய முதலாளிகளிடமே 1838 வரை கட்டிப்போட்டார்கள். முதலாளி நேரடியாகச் சவுக்கை எடுக்க முடியாது என்றானதும் அவர்களைத் தண்டனைக் கூடங்களுக்கு அனுப்பி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் இதைச் சொல்லி 1837இல் வெளியான சிறு நூல், அந்த முறையை ஒழிக்க நடந்த இயக்கத்தில் பெரிய ஆயுதமாயிற்று. இங்கிலாந்துச் சிறைகளிலிருந்து இந்தக் கருவி விலகியது 1898 சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான். எழுபது ஆண்டு கழித்து, 1968இல் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் அமெரிக்காவை ஓட வைத்தபோது, வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் வீட்டுக்குள் ஓடுவதற்கான டிரெட்மில்லைச் செய்து விற்றார். இடையில் இதய நோய் மருத்துவர்கள் அதைச் சோதனைக் கருவியாக்கியிருந்தார்கள். கைதி ஏறிய படிக்கட்டு உருளைக்கும் இன்றைய ஓடும் பட்டைக்கும் இயந்திர அளவில் உறவு கொஞ்சம்தான். பெயர் மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாமல் தொடர்ந்து வருகிறது.

சிறையில் ஏழையின் உடலை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், பணக்காரனின் உடலை இயந்திரம் தாலாட்டத் தொடங்கியது. ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிலையத்தில் மரமும் இரும்பும் தோலும் கொண்டு செய்த டஜன் கணக்கான இயந்திரங்கள் இருந்தன. கையை மடக்கும் ஒன்று, இடுப்பைத் திருப்பும் ஒன்று. அதோடு உடலைப் பிசைய, தட்ட, அதிரவைக்கத் தனி இயந்திரங்கள். அவற்றில் சில நீராவியால் ஓடின. ஆள் சும்மா உட்கார்ந்தால் போதும். பழைய படங்களில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருப்பார்கள், வேர்வையே இருக்காது. மேசையில் உட்கார்ந்தே உடம்பு கெட்டுப்போன வர்க்கத்துக்கு அந்த இயந்திரங்கள் உழைப்பின் பலனை உழைப்பு இல்லாமல் கொடுப்பதாகச் சொல்லின. இன்றைய மசாஜ் கன்னின் தாத்தா அங்கேதான் இருக்கிறார்.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த இடம் ஒன்று உண்டு. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கின் மேல்தளத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று ஒரு ஜிம் இருந்தது. உட்கார்ந்த இடத்தில் மிதிக்கும் சைக்கிள்கள், துடுப்புப் போடும் கருவி, மின்சாரக் குதிரை, மின்சார ஒட்டகம். நடுக்கடலில் போகிற கப்பலுக்குள் உட்கார்ந்துகொண்டு துடுப்புப் போடலாம். அந்தக் கப்பலை உண்மையில் நகர்த்தியவர்கள் பல தளங்களுக்குக் கீழே இருந்தார்கள். 29 கொதிகலன்கள், 159 அடுப்புகள். நாளொன்றுக்குச் சுமார் 600 டன் நிலக்கரி, எல்லாம் மண்வாரியால் அள்ளிப் போட்டது. மேலே துடுப்புப் போட்டவரும் கீழே கரி அள்ளியவரும் முதுகு, தோள், தொடை என்று ஏறத்தாழ ஒரே தசைத் தொகுதியைத்தான் இயக்கினார்கள். கீழே இருந்தவர்களுக்கு நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர இடைவெளி, மறுபடி நான்கு என்று முறை. கப்பல் முதலாளிகளின் கருணையால் வந்த இடைவெளி அல்ல அது. அந்தச் சூட்டில் நான்கு மணிக்கு மேல் மனித உடல் நிற்காது என்ற அனுபவக் கணக்கு. மேலே இருந்த துடுப்புக் கருவி பண்பாட்டு வரலாற்று நூல்களில் படத்தோடு வருகிறது. கீழே இருந்த நான்குக்கு எட்டு என்ற கணக்கு கப்பல் நிர்வாகப் புத்தகங்களோடு சரி.

நம்மிடமிருந்து போன கருவி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கர்லாக்கட்டை. கோதாக்களிலும் தாலிம்கானாக்களிலும் சிலம்பக் கூடங்களிலும் சுழற்றியதைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துப்போனார்கள். பாரத்தைக் குறைத்து, அழகு அசைவுகளைக் கூட்டி, 1830களிலேயே லண்டன் உடற்பயிற்சி நூல்களில் ‘இந்தியக் கட்டை’ இடம்பிடித்துவிட்டது. பிறகு அமெரிக்கா, பள்ளிக்கூடங்கள், பெண்களுக்கான கட்டைகள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டி. 1932இல் லாஸ் ஏஞ்சலீஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் அப்போது வேலை இல்லாதவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வந்து, போகிற வண்டியில் இடம் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். இப்போது அதே கர்லாக்கட்டை வழவழப்பான பெட்டியில் ஆங்கிலப் பெயரோடு நமக்கே திரும்பி வருகிறது. தேக்குக் கட்டையைக் கடைந்து கொடுக்கிற தச்சரிடம் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பெட்டியின் விலையையும் பாருங்கள்.

அங்கிருந்து இங்கே வந்த ஆள் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் 1867இல் பிறந்தவர். மேடைப் பலசாலியாகத் தொடங்கி, தசையைத் தூக்கிக் காட்டுவதைவிடக் காட்டுவதற்காகவே தசையை வளர்ப்பது என்ற புதிய சரக்கைக் கண்டுபிடித்தவர். 1897இல் லண்டனில் பயிற்சி நிலையம், தபாலில் பாடம், சுருள்வில் வைத்த டம்பெல், 1901இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உடலழகுப் போட்டி. 1904-05இல் இந்தியா வந்து சுற்றினார். காலனிய எஜமானனின் உடலை இங்கே பார்த்தவர்கள் தங்கள் உடலைக் குறையாகப் பார்க்கவும் கற்றார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் கற்றார்கள். தேசியமும் தண்டாலும் கைகோத்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்தப் பெயர் இங்கே போய்ச் சேர்ந்த இடங்கள். படத் தயாரிப்பாளராவதற்கு முன் கோவையில் மில் வேலை பார்த்த சின்னப்பா தேவர், தேகப்பயிற்சியால் ‘சாண்டோ’ ஆனார். கையில்லாத பனியனும் சாண்டோ ஆயிற்று. திருப்பூரில் அந்தப் பனியனைத் தைக்கிறவர்களுடைய நேரக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னவற்றில் இடைவெளி என்பது தற்செயலாகத்தான் வருகிறது. அது பயிற்சிக் கணக்குக்குள் முறையாக நுழைந்தது ஒரு ராணுவ மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனை முழங்காலும் தொடையும் சிதைந்த சிப்பாய்களால் நிரம்பி வழிந்தது. அன்றைய முறை லேசான பாரத்தை நூற்றுக்கணக்கான தடவை அசைப்பது. மாதக்கணக்கில் ஆள் படுக்கையிலேயே கிடந்தார். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர், சிறு வயதில் வாதக் காய்ச்சலில் படுத்துப் பின்பு இரும்பு தூக்கித் தேறியவர், எதிர்த்திசையில் யோசித்தார். காலில் இரும்புச் செருப்பைக் கட்டி அதிக பாரத்தைக் குறைந்த தடவை தூக்கவைப்பது. வலு கூடக் கூடப் பாரத்தையும் கூட்டுவது. 1945இல் எழுதினார். முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்துச் சுற்று வரை செய்யவைத்தவர், அது அளவுக்கு மிஞ்சியது என்று கண்டு 1948இல் ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து மூன்று சுற்றாகக் குறைத்தார். பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத பாரம் எதுவோ, அதில் பாதி, முக்கால், முழு. இன்று உலகமெங்கும் ‘மூணு செட்டு, பத்து பத்து’ என்று எந்த ஜிம்மிலும் சொல்வது அந்தச் சிப்பாய்களின் கால்களில் கற்றது. அதற்குப் பிறகு வந்த இயந்திரங்கள், 1970இல் ஆர்தர் ஜோன்ஸ் கொண்டுவந்த சங்கு வடிவச் சக்கரம் வைத்த நாட்டிலஸ் உட்பட, இந்தக் கணக்கின்மேல் கட்டிய மேல்மாடிதான்.

கருவி வாங்க நினைக்கிற தோழர்களுக்குக் கணக்கை நேராகவே சொல்லிவிடலாம். ஒரு பாரும் சில தட்டுகளும் போதும். அதுவும் இல்லாவிட்டால் தண்டாலும் பஸ்கியும் முதுகில் ஒரு பையில் மணலும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் விட்டு. பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் உட்காருவது. 2016இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் ஒரு நிமிட இடைவெளியையும் மூன்று நிமிட இடைவெளியையும் ஒப்பிட்டபோது மூன்று நிமிடம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் வலு அதிகம் கூடியது. பருப்பு, முட்டை, மீன், எது முடிகிறதோ அது. தூக்கம். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது கொஞ்சம்தான். அதனால்தான் விற்பதற்கு வேறு ஏதாவது தேவைப்படுகிறது.

விற்கிறவற்றில் மூன்றைப் பார்ப்போம். ஐஸ். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978இல் கொடுத்த மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தாமே மாற்றிச் சொன்னார். ஐஸ் தொட்டி. வலு பயிற்சி முடிந்ததும் குளிர்ந்த நீரில் இறங்குகிறவர்களுக்குத் தசை வளர்வது குறைகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த நாள் மறுபடி ஆட வேண்டிய ஆட்டக்காரருக்கு வலி குறைவது உதவலாம். வளர நினைக்கிறவருக்கு நஷ்டம். மூன்றாவது மசாஜ் கன். அமெரிக்காவில் ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்ற முதுகெலும்பு வைத்தியர் 2007இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டுத் தன் வலிக்காகச் செய்துகொண்ட கருவி, 2016இல் ‘தெராகன்’ என்று சந்தைக்கு வந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தட்டு. ஆஸ்திரியாவில் 2020இல் கெண்டைக்கால் தசையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தார்கள். கணுக்கால் மடங்கும் அளவு கூடியது; வலுவில் மாற்றமில்லை. பிடிப்பு கொஞ்ச நேரம் தளரும், இதமாக இருக்கும். அவ்வளவுதான், அதுவும் நல்லதுதான். எண்ணெய் போட்டு நீவிவிட்டாலும் அதேதான். ஆனால் நீவிவிட ஒரு கை வேண்டும். நம் ஊரில் சுளுக்கு வழிக்கிற கை யாருடையது, எந்தத் தெருவிலிருந்து வந்தது, உடம்பைத் தொட அனுமதிக்கப்பட்ட அந்தக் கைக்குத் திண்ணைக்கு மேலே இடம் இருந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சவரத்தோடும் மருத்துவத்தோடும் சேர்த்துக் கீழே வைக்கப்பட்ட அறிவு அது. கருவி அந்தக் கையை விடுவிக்கவில்லை. அது இல்லாமலே காரியம் ஆகும்படி செய்திருக்கிறது.

இனி இந்த வரலாற்றின் நடு முடிச்சுக்கு வருகிறேன். உடலுழைப்பு உடம்புக்கு நல்லது என்பதை முதலில் எண்ணிக்கையாக நிறுவியவர் லண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸ். 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இரட்டை மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே வர்க்கம், ஒரே சம்பள உலகம்; ஒருவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. (பிறகு அவரே இரு தரப்பின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே கூடுதலாக இருந்ததைக் கண்டு 1956இல் எழுதினார். ஆராய்ச்சியாளர் இப்படி இருக்க வேண்டும்.) இன்றைய உடற்பயிற்சி அறிவியலின் அடிக்கல் பஸ் தொழிலாளிகளின் படிக்கட்டுதான்.

அதே அறிவியல் இப்போது ஒரு முரணைச் சந்தித்திருக்கிறது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் சக ஆய்வாளர்களும் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: ஓய்வு நேரத்தில் நிறையப் பயிற்சி செய்தவர்களிடம் இறப்பு ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உடலை இயக்கியவர்களிடம் கால் பங்குக்கும் மேல் அதிகம். புகை, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படி. இதை எல்லோரும் ஏற்கவில்லை. அதே ஆண்டில் நார்வேயிலிருந்து வந்த பெரிய ஆய்வில், உடலை இயக்கி வேலை செய்த ஆண்கள் அதிக காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. வறுமையின் தடயத்தைக் கணக்கிலிருந்து முழுக்கக் கழிக்க முடியாது என்பது விமரிசகர்களின் வாதம். எனக்கு முடிவைவிட ஹோல்டர்மன் தரும் விளக்கம் முக்கியமாகப் படுகிறது. பயிற்சி என்பது குறைந்த நேரம், அதிக வேகம், பிறகு இடைவெளி. வேலை என்பது மணிக்கணக்கில் நின்றும் குனிந்தும் ஒரே மாதிரி அசைவு, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க ஏறியே நிற்கும், எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை, மறுநாளும் அதேதான்.

சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, மாடிப்படி. ஜிம்மில் தோளில் பார் அழுத்தாமலிருக்க ஒரு பஞ்சு உறை மாட்டுகிறோமே, சும்மாடுக்கும் அதே வேலைதான். அவர் ஒரு நாளில் ஏற்றுகிற மொத்த எடையைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் ஜிம்மில் யாரும் பக்கத்தில் வர முடியாது. ஒரு நாற்பது வயதுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “வேல செஞ்சா ஒடம்பு கெட்டியாகும்னு சொல்லுவாங்க. எனக்குக் கெட்டியானது முட்டிதான், மடங்க மாட்டேங்குது” என்றார். அவர் உடலுக்குப் பாரம் கிடைத்தது, பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுகிற முறை கிடைக்கவில்லை. இடைவெளி கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் தண்ணீர்க் குடம். டிலோர்மின் கணக்கில் பாதி மட்டும் அவருக்கு வாய்த்திருக்கிறது.

ஆக, ரெகவரியின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அதன் ஆவணங்கள் பயிற்சி நூல்களில் கிடைக்காது, தொழிற்சங்க வரலாற்றில்தான் கிடைக்கும். 1911 ஆலைச் சட்டப்படி நெசவாலையில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களிடம் கேட்ட முதல் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை. அரை மணி. அதற்குள் வெளியே வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, திரும்பி ஓட வேண்டும். சில நிமிடங்கள் கூட்டிக் கேட்டதுதான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் ஒன்றின் தொடக்கக் கோரிக்கை. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேரக் கோரிக்கையின் பெயரால் உலகம் கொண்டாடுகிற நாள் அது. 1934 சட்டத்தில் வாரத்துக்கு 54 மணி. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில் 1946 திருத்தம் அதை 48 ஆக்கியது. 1948 தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அரை மணியாவது இடைவேளை வேண்டும், காயம் உண்டாக்கும் அளவு பாரத்தைத் தூக்க வைக்கக்கூடாது என்றெல்லாம் எழுதிவைத்தது. இந்த நாட்டில் கோடிக்கணக்கான உடல்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய ரெகவரி சாதனம் அந்தப் பிரிவுகள்தான். மின்சாரம் வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம்.

அவை காகிதத்தில் இருந்த அளவுக்கு எங்கே இருந்தன என்பது வேறு விஷயம். திருப்பூரில் கணக்கு நாளில் இல்லை, ஷிப்டில் இருக்கிறது. காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’. அதுதான் சாதாரண நாள். ஆர்டர் நெருக்கினால் இரண்டு. சாண்டோ பனியன்கள் அப்படித்தான் தைக்கப்படுகின்றன. இந்த நடைமுறையைச் சட்டமாகவே ஆக்கிவிடும் முயற்சியாக, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் திரண்டன. மே முதல் தேதி அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். விருப்பப்பட்டவர்கள் நான்கு நாள் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று அப்போது சொன்ன சமாதானத்தைக் கவனிக்க வேண்டும். பயிற்சி நூலின் மொழி அது. ஐந்து சுற்றைச் சேர்த்துச் செய்துவிட்டுப் பிறகு சேர்த்து ஓய்வெடுப்பது உடம்பில் நடக்காது என்று எந்த ஜிம்மிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சின்ன வெற்றிகளும் உண்டு. கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது. சுமைதாங்கிக் கல்லுக்குப் பிறகு நம் ஊரில் உடலை இறக்கிவைக்க ஊரே சேர்ந்து செய்த ஏற்பாடு என்று அந்த நாற்காலியைச் சொல்லலாம். இந்தத் தடவை தர்மமாக வரவில்லை, கேட்டு வாங்கியது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பிளாஸ்டிக் முக்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகித் தூணோரம் நிற்பதைப் பார்த்தேன். சேலை விரித்துக் காட்டிய பெண்ணிடம் கேட்டேன். “உக்காரலாம்ண்ணா, யாரும் வேணாம்னு சொல்லல. கஸ்டமர் வந்தா எந்திரிக்கணும். வந்துக்கிட்டேதான இருக்காங்க” என்றார். எத்தனை முக்காலி வேண்டும் என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. எத்தனை நிமிடம் என்று கேட்கிற பிரிவு இன்னும் எழுதப்படவில்லை.